ஏழு கிளை முத்திரை

கணக்கு வாத்தியாருக்கு ஒரு பலவீனம் உண்டு. கையில் சாக்பீஸும் எதிரில் வெறும் பலகையும் அகப்பட்டுவிட்டால் மர வரைபடம் போட்டுவிடுவார். நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் இரண்டு தடவையும் தலை விழ என்ன வாய்ப்பு என்று கேட்டால், நாலில் ஒன்று என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர். வாத்தியாரால் அப்படிப் போக முடியாது. இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். அதிலிருந்து இரண்டு கோடு இழுப்பார். மேல் கோட்டின் முனையில் தலை, கீழ்க் கோட்டின் முனையில் பூ. அந்த முனைகளிலிருந்து மறுபடி இரண்டிரண்டு கோடு. கோட்டுக்கு மேலே அரை, அரை என்று எழுதி, கிளை வழியே போனால் பெருக்கு, முனைகளைச் சேர்த்தால் கூட்டு, எல்லா முனைகளையும் கூட்டினால் ஒன்று வந்தே தீர வேண்டும் என்று சொல்லி முடித்து, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று தன் படத்தைத் தானே ரசிப்பார். இருபத்திரண்டு வருஷமாக ரசிக்கிறார், இன்னும் அலுத்தபாடில்லை.

படம் போடாமல் விடையை மட்டும் சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண்தான். ஏன் என்று கேட்க வந்த பெற்றோர்களுக்கும் பலகையில் படம் போட்டுக் காட்டுவார். வந்தவர்கள் ஒரு மணி நேரம் கழித்து வெளியே போகும்போது தங்கள் பிள்ளை மேல் அவர்களுக்கே ஒரு பரிதாபம் வந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அவருக்குக் 'கிளை சார்' என்று பட்டப்பெயர். அது தனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தனியாக இருக்கும்போது அந்தப் பெயரை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்ப்பதும் உண்டு.

இப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு மனைவி உண்டு. மலை ஊர் மருத்துவமனையில் நர்ஸ். இவர் இருக்கும் ஊரிலிருந்து அங்கே போகப் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது முதல் இரண்டு வருஷம்தான். அப்புறம் அவளை மலைக்கு மாற்றினார்கள். மாதம் ஒருமுறை இவர் போவார், பாதி நேரம் பஸ்ஸில் தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன். ஒன்பது வருஷம் இப்படிப் போனதில் அவளுக்கு எப்போது நரை விழ ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

இந்த வருஷம் மலை ஊர்ப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் காலியானது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை நாலு வருஷமாகக் கணக்குக்கு ஓர் ஆள் கொடுங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவர். இடமாற்றத்துக்கு மொத்தம் மூன்று இடங்கள்: நகரத்துப் பள்ளி, ஆற்றங்கரைப் பள்ளி, மலைப் பள்ளி. விண்ணப்பம் போட்டவர்கள் ஏழு பேர். விண்ணப்பத்தின் ஒன்பதாம் கட்டத்தில், எந்தப் பள்ளி வேண்டும் என்ற கேள்விக்கு, நாலு பேர் நகரம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் ஆற்றங்கரை என்று எழுதியிருந்தார்கள். மலை என்று எழுதியவர் கணக்கு வாத்தியார் ஒருவர்தான்.

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருப்பார்கள். வாத்தியாரும் காத்திருந்தார், இரண்டு வாரம் வரைக்கும். மூன்றாவது வாரம் இயக்குநரகத்தில் ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது.

இயக்குநர் புதிதாக அந்த நாற்காலிக்கு வந்தவர். முந்தின வருஷம் இடமாற்றமெல்லாம் வேண்டியவர்களுக்கே போயிற்று என்று மேலிடத்துக்குப் புகார் போயிருந்தது. இனி எல்லாம் அறிவியல் முறைப்படி நடக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அறிவியல் முறை என்றால் என்ன என்று அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. ஆகவே இயக்குநர் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. வாத்தியாரின் கால்கள் தாமாகவே எழுந்து நின்றன.

பத்து நிமிஷத்தில் பலகை நிறைந்துவிட்டது. ஒரு புள்ளி. அதிலிருந்து ஏழு கிளை, ஏழு பேருக்கு. முதல் குலுக்கல் நகரப் பள்ளிக்கு. யார் பெயர் வந்ததோ அவரை விட்டுவிட்டு மீதி ஆறு கிளை, ஆற்றங்கரைப் பள்ளிக்கு. அப்புறம் ஐந்து கிளை, மலைப் பள்ளிக்கு. ஏழு, ஆறு, ஐந்து பெருக்கினால் இருநூற்றுப் பத்து முனைகள். பலகை போதாமல் கடைசி முனைகளைப் புள்ளி வைத்துக் காட்டினார். படம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. மலைப் பள்ளிக்கு ஒரே ஆள்தானே கேட்டிருக்கிறான், அதற்கு எதற்குக் கிளை என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது. ஒரு கிளை மட்டும் போட்டால் படம் மொட்டையாக இருக்குமே என்று அதை அப்பால் தள்ளிவிட்டார்.

இயக்குநர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "எல்லா முனையையும் கூட்டினா என்ன வரும்?" என்று கேட்டார்.

"ஒண்ணு வரும் சார்."

"எப்பவுமே ஒண்ணுதானா?"

"எப்பவும் சார். வராட்டி எங்கயோ தப்புப் பண்ணியிருக்கோம்னு அர்த்தம்."

இயக்குநர், முப்பது வருஷ சர்வீஸில் தான் எழுதிய எந்த அறிக்கையும் வேறு எந்த அறிக்கையோடும் ஒத்துப்போனதில்லை என்றும், இப்படி எப்போதும் ஒன்று வரும் ஒரு பொருளைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்ததாகவும் சொல்லி, வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் கை தட்டியது. வாத்தியாருக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னார். கை குலுக்கியதை இரண்டு தடவை சொன்னார்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மலை ஸ்கூலுக்கு எத்தனை பேர் கேட்டிருக்காங்க?" என்றாள்.

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப எதுக்கு ஏழு கிளை?"

"அது பொதுவான முறை. தனித்தனியாப் போட்டா நல்லா இருக்காது."

"இப்ப உங்களுக்கு அந்த இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு?"

அவர் மனக்கணக்காகப் போட்டார். எந்தச் சுற்றாக இருந்தாலும் ஏழில் ஒன்று. அதைச் சொன்னார்.

"இந்தப் படம் போடறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

சிக்னல் சரியாக இல்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி அவர் ஃபோனை வைத்தார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இயக்குநரகத்தில் மர வரைபடப் பிரிவு என்று ஒரு பிரிவு திறந்தார்கள். வாத்தியாரை ஆலோசகராக மூன்று வாரத்துக்கு வரவழைத்தார்கள். மாடியில் ஒரு மூலை அறை, சுற்றுகிற நாற்காலி, கதவில் ஒரு பெயர்ப்பலகை. முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்க்காதபோது ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு எழுத்தர்கள் ஸ்கேல் வைத்து இருநூற்றுப் பத்து முனைகளையும் வரைந்தார்கள். சரிபார்ப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, மேல் கிளை நீளமாகவும் கீழ்க் கிளை குட்டையாகவும் இருக்கிறது, நீளக் கிளைக்காரருக்குச் சலுகை என்று புகார் வரும் என்றார். எல்லாக் கிளையையும் ஒரே அளவாக வரைந்தார்கள். அப்போது சாய்வு ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. மேலே ஏறும் கிளையில் இருப்பவர் முன்னேறுவதாகவும் கீழே இறங்கும் கிளையில் இருப்பவர் தாழ்ந்துபோவதாகவும் தோன்றுகிறதாம். அடிக் கிளையில் பெயர் வந்த ஒருவர், இருபத்தாறு வருஷம் அப்பழுக்கில்லாமல் வேலை பார்த்த தன்னை அடியில் போட்டதற்குக் காரணம் கேட்டு மனுக் கொடுத்தார். கிளை மேலிருப்பதோ கீழிருப்பதோ யாருடைய தகுதியையும் குறிக்காது என்று ஒரு சுற்றறிக்கை போயிற்று. அந்தச் சுற்றறிக்கையை எழுதிக் கொடுத்தவர் வாத்தியார்தான். அதில் தன் தமிழ் நடை நன்றாக அமைந்துவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது.

மூன்று தடவை வரைந்தும் முடியவில்லை. எழுத்தர்கள் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் இயக்குநருக்கு அந்த யோசனை உதித்தது. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துவிடலாம். ஒரு புள்ளி, அதிலிருந்து சமமாக விரியும் ஏழு கிளை, ஒவ்வொரு கிளையின் மேலும் ஏழில் ஒன்று என்று பொறித்தது. முதலில் ஒரு தடவை குத்த வேண்டும். அதன் ஏழு முனைகளிலும் ஏழு தடவை, அந்த நாற்பத்தொன்பது முனைகளிலும் நாற்பத்தொன்பது தடவை. மொத்தம் ஐம்பத்தேழு குத்து. ஒரு மத்தியானத்தில் வேலை தீர்ந்தது.

ஸ்டாம்ப் வந்தது. தேக்குக் கைப்பிடி, உள்ளங்கையில் பாந்தமாக உட்கார்ந்தது. கைப்பிடியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'வடிவமைப்பு: கணக்கு ஆசிரியர்' என்று செதுக்கியிருந்தார்கள்.

வாத்தியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே, இரண்டாம் சுற்றுக்கு ஆறு கிளை ஸ்டாம்பும் மூன்றாம் சுற்றுக்கு ஐந்து கிளை ஸ்டாம்பும் வேண்டுமே என்றார். அனுமதி வாங்கியது ஒரு ஸ்டாம்புக்குத்தான், இன்னும் இரண்டு வேண்டுமானால் புதிதாகக் கோப்பு திறக்க வேண்டும், அடுத்த வருஷம் ஆகிவிடும் என்றார்கள். இயக்குநர் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"படத்துல ஏழு இருக்கு. அப்ப பெட்டியிலயும் ஏழு இருக்கணும், அவ்வளவுதானே. ஒரு சீட்டை எடுத்துப் படிச்சதும் திரும்பப் பெட்டிக்குள்ளயே போட்டுடுவோம். நடக்கறது படத்தோட ஒத்துப்போகணும். அதுதான் அறிவியல்."

எடுத்ததைத் திரும்ப வைக்கிறாயா, வைக்காமல் எடுக்கிறாயா. இந்த ஒரு கேள்வியை வைத்து வாத்தியார் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார். இதைக் கவனிக்காமல் விட்ட விடைத்தாளில் சிவப்பு மையால் அவர் போட்ட வட்டங்களைச் சேர்த்தால் ஒரு சாக்கு நிறையும். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு இடம் விழும் என்பதை அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளையும் சொல்லிவிடும். வாத்தியார் வாயைத் திறந்தார். இயக்குநரின் மேஜையில், வலது கைப் பக்கத்துத் தட்டில், தன்னுடைய விண்ணப்பம் இருப்பது கண்ணில் பட்டது. கையில் ஸ்டாம்பும் இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் ஏழில் ஒண்ணு. யோசிச்சுப் பாத்தா இதுதான் இன்னும் நியாயம் சார்" என்றார். நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று சீட்டும் வெவ்வேறு ஆளுக்கு வர நாற்பத்தொன்பதில் முப்பது. யாராவது ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் விழ நாற்பத்தொன்பதில் பத்தொன்பது. தனக்கு மலை கிடைக்க இப்போதும் ஏழில் ஒன்றுதான், அதில் ஒன்றும் குறையவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு டிக்கெட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இப்படித் தேற்றிக்கொள்கிறவர்களைப் பற்றி மற்ற நாட்களில் அவருக்கு ஒன்றும் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

குலுக்கல் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முந்நூற்று நாற்பத்து மூன்று முனைகள் கொண்ட படத்தை மேடையின் பின் சுவரில் ஆரம்பித்து, பக்கத்துச் சுவர் முழுக்க ஒட்டி, வாசலைத் தாண்டி வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாய் வரைக்கும் கொண்டுபோயிருந்தார்கள். விண்ணப்பித்த ஏழு பேரும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாருக்குப் பக்கத்தில் ஓவிய ஆசிரியர். இடுப்பு வலிக்காரர். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஆற்றங்கரைப் பள்ளியைக் கேட்டிருந்தார்.

இயக்குநர் பேச எழுந்தார். கையில் குறிப்பு எதுவும் இல்லை, மனசிலிருந்தே பேசினார்.

"முன்னெல்லாம் யாருக்கு எந்த இடம்னு நான் முடிவு பண்ணணும். தப்பாப் போனா என்னைத் திட்டுவாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இனிமே அந்தக் கவலை இல்லை. இந்தப் படத்துல நடக்கக்கூடிய எல்லாமே இருக்கு. நல்லது நடந்தாலும் அதுக்கு ஒரு கிளை இருக்கு, அநியாயம் நடந்தாலும் அதுக்கும் ஒரு கிளை இருக்கு. பொறுப்புங்கறதை நாங்க முந்நூத்தி நாப்பத்தி மூணாப் பிரிச்சுட்டோம். என் பங்குக்கு எவ்வளவு வருதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

பெரிய கைதட்டல். பிறகு ஒரு பிஸ்கட் டின்னில் ஏழு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள்.

முதலில் நகரப் பள்ளி. ஓவிய ஆசிரியர் பெயர் வந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஓர் அலுவலர் சிவப்புப் பென்சிலோடு படத்தில் அவருடைய கிளையில் கோடு போட்டுக்கொண்டு போனார். சீட்டைத் திரும்ப டின்னில் போட்டுக் குலுக்கினார்கள். அடுத்தது ஆற்றங்கரைப் பள்ளி. மறுபடியும் ஓவிய ஆசிரியர். நகரம் ரத்தாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அவர் சந்தோஷமாக எழுந்து கும்பிட்டார். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இயக்குநர் அசையவில்லை. சீட்டு டின்னுக்குள் போயிற்று. மூன்றாவது, மலைப் பள்ளி. வாத்தியார் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக ஏழில் ஒன்று என்று எழுதியிருக்கிறார், அது இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சீட்டைப் பிரித்தவர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு ஓவிய ஆசிரியர் பெயரைச் சொன்னார்.

சிவப்புப் பென்சில்காரர் சுவரோடு நடந்து, வாசலைத் தாண்டி, வராந்தாவுக்குப் போனார். குழாயடியிலிருந்து அவருடைய குரல் வந்தது: "இருக்கு சார்."

"பாத்தீங்களா, நாம இதை எதிர்பார்த்திருக்கோம்" என்றார் இயக்குநர். "முந்நூத்தி நாப்பத்தி மூணுல ஒண்ணு. இவ்வளவு அபூர்வமான ஒண்ணு நம்ம அலுவலகத்துல நடந்திருக்கு, அதுக்கும் நம்ம படத்துல இடம் இருந்திருக்கு." மறுபடியும் கைதட்டல். ஓவிய ஆசிரியருக்கு மாலை போடலாமா என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

வாத்தியார் எழுந்தார். ஒரு ஆள் மூன்று பள்ளியில் எப்படி வேலை பார்ப்பார் என்று கேட்டார். அதற்கு வாத்தியார் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்கள். மலைப் பள்ளியைத் தன்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை, ஒன்பதாம் கட்டத்தைப் பாருங்கள் என்றார். இயக்குநர் நிஜமாகவே குழம்பிப்போனார்.

"ஒன்பதாம் கட்டத்துல என்ன இருக்கு?"

"யாருக்கு எந்த ஸ்கூல் வேணும்னு இருக்கு சார்."

"வேணும்ங்கறது இதுல எங்க வருது? நீங்கதானே போட்டீங்க. உங்க படத்துல அதுக்கு இடமே விடலியே."

வாத்தியார் படத்தைப் பார்த்தார். இயக்குநர் சொன்னது உண்மை. ஏழு பேருக்கும் இடம் விட்டிருந்தார், மூன்று பள்ளிக்கும் இடம் விட்டிருந்தார், யாருக்கு என்ன வேண்டும் என்பதற்கு விட்டிருக்கவில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது. உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் ஓவிய ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னார். அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, விடுங்க" என்றாள். அந்த "விடுங்க" அவரை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை.

ஓவிய ஆசிரியருக்கு உத்தரவு வந்தது. மூன்று பள்ளியிலும் அவருடைய உரிமை சமமானது என்பதால் ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு பணியாற்றுவார். வாரத்தில் ஆறு வேலை நாள், பள்ளிக்கு இரண்டு நாள். பிரயாண நேரத்துக்கு உத்தரவில் கிளை இல்லை. மனிதர் ஏழு வாரம் தாக்குப் பிடித்தார். எட்டாவது வாரம் இடுப்பு முழுசாகப் பிடித்துக்கொண்டு, மருத்துவர் மலை ஏறவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் வாத்தியார் வீட்டுக்கு வந்து நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டார்.

"கணக்கு சார், உங்க படத்துல நான் மூணு முனையிலயும் தொங்கிட்டிருக்கேன். ஒரு முனையை நீங்க பிடிச்சுக்குங்க."

நோய்வாய்ப்பட்ட ஆசிரியர் தனக்குப் பதில் ஓர் ஆளை அனுப்பலாம் என்று ஒரு பழைய விதி இருந்ததாம். மர வரைபடப் பிரிவு வருவதற்கு ரொம்ப வருஷம் முந்தினது, ஒரே பக்கப் படிவம். ஓவிய ஆசிரியர் அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மறுநாள் இயக்குநரகத்தின் தபால் பிரிவில் இருந்த அம்மா அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, தபால்தலை ஒட்டுகிற நேரத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார். பதினோரு வருஷக் கல்யாணத்தில் ஒன்பது வருஷம் நடக்காதது பத்து நிமிஷத்தில் நடந்தது. வாத்தியாருக்கு மனசு நிறைந்தது, கூடவே கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, அவ்வளவு லேசான ஒரு காரியத்துக்குத் தன் படம் தேவைப்படவே இல்லை என்று.

அவர் போனதில் பழைய பள்ளியில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிள்ளைகள் முதன்முறையாக நாணயத்தைச் சும்மா சுண்டிப் பார்த்துச் சிரித்ததாகக் கேள்வி.

மலை ஊர் பஸ் நிலையத்தில் மனைவி நர்ஸ் உடுப்போடு வந்து நின்றாள், டியூட்டிக்கு நடுவில் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவர் இறங்கியதும், தான் வந்திருப்பது சொந்த இடத்துக்கு இல்லை, இன்னொருவருடைய மூன்றில் ஒரு பங்குக்கு, அதுவும் ஓவியத்துக்கு, அதுவும் தற்காலிகமாக என்று வரிசையாக விளக்க ஆரம்பித்தார். "பையைக் குடுங்க" என்று சொல்லி அவள் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். காதுக்கு மேலே நாலைந்து நரை இருந்தது. அவர் ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

தலைமையாசிரியை அவருடைய காகிதத்தைப் படித்துவிட்டு, ஓவியம் வருமா என்று கேட்டார். கோடு வரும் என்றார் வாத்தியார். கணக்கு வருமா என்று கேட்டார். வரும் என்றதும், அடுத்த கேள்வி எதுவும் கேட்காமல் நேராக வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பதிவேட்டில் ஓவியம் என்றே இருந்தது.

இரண்டு மாதம் அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல மாதங்களாகப் போயின. அவள் டியூட்டி முடிந்து வரும் நேரத்துக்குச் சாதம் வடித்து வைப்பார். அவள் வார்டில் நடந்ததைச் சொல்லுவாள். அதையெல்லாம் ஃபோனில் கேட்டபோது பாதியில் விட்டுப்போன பகுதிகள் இவ்வளவு இருந்தன என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் மாதம் மர வரைபடப் பிரிவிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. சரிபார்ப்பு அதிகாரி எழுதியிருந்தார்.

"குலுக்கல் படத்தில் சிவப்புக் கோடு சென்ற கிளையின் முனையில், மலைப் பள்ளியில் இருப்பவர் ஓவிய ஆசிரியர். தாங்கள் அப்பள்ளியில் இருப்பதாகத் தெரியவருகிறது. அவ்வாறு தாங்கள் இருப்பது வேறொரு கிளை. ஒரே குலுக்கலில் இரண்டு கிளைகள் நடக்க இயலாது. நடந்ததாகக் கொண்டால் மொத்தம் ஒன்றைத் தாண்டும். இது இத்துறையின் அடிப்படைக் கொள்கைக்கு விரோதமானது. எனவே தாங்கள் மலைப் பள்ளியில் இல்லை என்று கருதப்படுகிறது. மாறாகத் தாங்கள் அங்கே இருப்பின், அதற்கான விளக்கத்தை மர வரைபடத்தை இணைத்து ஏழு நாட்களுக்குள் அனுப்பவும்."

வாத்தியார் இரண்டு தடவை படித்தார். வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவரேதான், அந்த அதிகாரிக்கு மாடி மூலை அறையில் மூன்று வாரம் பாடம் நடத்தியிருக்கிறார். பையன் நன்றாகப் பிடித்துக்கொண்டான் என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நிமிஷம் விஷயம் உறைத்தது. இல்லை என்று கருதிவிட்டால் கீழே இறங்கிப் போய்விட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காகிதம், ஸ்கேல், இரண்டு பென்சில் எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நோய்வாய்ப்படுதல் ஒரு கிளை, படாமலிருத்தல் ஒரு கிளை. பதிலாள் அனுப்புதல், அனுப்பாமலிருத்தல். பதிலாள் இருப்பவராகக் கருதப்படுதல், கருதப்படாமலிருத்தல். மத்தியானத்துக்குள் நாலு தாள் நிறைந்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் ஒன்று வரவில்லை. எங்கோ ஒரு கிளை விட்டுப்போயிருந்தது. அழித்தழித்து எழுதியதில் நாலாம் தாளில் பொத்தல் விழுந்துவிட்டது. வருத்தம் என்னவென்றால், இடையில் ஒரு மணி நேரம் அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

மனைவி டியூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலோடு அவர் பின்னால் நின்று நாலு தாளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு அந்தக் கடிதத்தையும் எடுத்துப் படித்தாள்.

"இவங்க உங்ககிட்ட என்னதான் கேக்கறாங்க?"

"நான் இங்க இருக்கேனா இல்லையான்னு."

"இருக்கீங்களா?"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அடுப்பில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் அவளுடைய உடுப்பும் அவருடைய சட்டையும் காய்ந்தன. அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்கேன்" என்றார்.

"அதை எழுதுங்க. எழுதிட்டு சாப்பிட வாங்க."

புதுத் தாள் ஒன்றை எடுத்தார். 'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. நான் இங்கே இருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீதித் தாள் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவள் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அடியில் 'இணைப்பு' என்று எழுதி, அதற்கு நேரே 'ஏதுமில்லை' என்று எழுதுவதற்கு மட்டும் கடிதம் முழுவதற்கும் ஆனதைவிட அதிக நேரம் ஆயிற்று.